மூச்சுக் கட்டத்தில் இருபது

நவம்பர் 2

"மிஸ், எண்ண நேரம் இல்லைன்னா என்ன எழுதணும்?"

முப்பது வருடங்களுக்கு முன்னால், முதலாண்டு வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று கேட்டாள். நோயாளியின் மூச்சை எப்படி எண்ணுவது என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். வகுப்பில் நாற்பது பேர். யாரோ சிரித்தார்கள். நான் திரும்பிப் பதில் சொன்னேன், அவள் உட்கார்ந்தாள், மணி அடித்தது. கேள்வி மட்டும் ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது. பதில் நினைவில்லை.

இன்று காலை ஆறு மணி வகுப்பில் அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு அறுபத்து மூன்று வயது. நர்சிங் பள்ளியில் முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். போன வருடம்தான் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில், உயர்நிலைச் செவிலியப் பணிக்கான முனைவர் பட்டத்துக்கு ஆன்லைனில் சேர்ந்தேன். எனக்குக் காலை ஆறு என்றால் அவர்களுக்கு முந்தைய நாள் மாலை. என் வழிகாட்டி ஹெலன், என்னைவிட இருபது வயது இளையவர்.

ஆய்வு செய்கிறவர்கள் எல்லோரும் நாட்குறிப்பு வைக்க வேண்டுமாம். கணக்குகள் ஒரு பக்கம், நம் மனது ஒரு பக்கம். எந்த மொழியில் எழுதுவது என்று கேட்டேன்.

"எந்த மொழியில் பயப்படுவீர்களோ அந்த மொழியில், ரத்னா" என்றார்.

என் தலைப்பு எளிமையானது. வார்டு சார்ட்டில் நோயாளியின் மூச்சு என்று எழுதியிருக்கும் எண், உண்மையில் எண்ணி எழுதியதுதானா?

மாவு அரைத்து வைத்தேன். கடைக்குப் போய்வந்தபோது மாடிப்படியில் ஒரு முறை நின்றேன். பதினெட்டுப் படி. குளிர் ஆரம்பித்துவிட்டது.

நவம்பர் 5

செண்பகவல்லியைப் பார்க்கப் போனேன். என் பழைய மாணவி. கோவில்பட்டியிலேயே ஒரு மருத்துவமனையில் இப்போது மேட்ரன். எல்லா நர்சுகளுக்கும் அவள்தான் மேலே. நான் உள்ளே போனதும் நாற்காலியை விட்டு எழுந்தாள். அவள் முன்னால் நின்ற இரண்டு இளம் நர்சுகள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

"எல்லாரும் வணக்கம் சொல்லுங்க. எனக்கே முட்டை மார்க் போட்டவங்க" என்றாள்.

"முட்டை இல்லை. பதினொன்று."

"அதுலயும் ஒன்னு கையெழுத்து அழகுக்குன்னு எழுதினீங்க மிஸ்."

ஆய்வுக்கு அனுமதி கேட்டு நான் எழுதிய கடிதத்தைப் படித்தாள். நிர்வாகத்திடமும் நெறிமுறைக் குழுவிடமும் தானே பேசுவதாகச் சொன்னாள். "நீங்க கேட்டு நான் இல்லைன்னு சொல்லுவேனா? எங்க பிள்ளைகள் சார்ட்டு எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு கட்டம் காலியா இருக்காது. நீங்க வளர்த்த வளர்ப்பு."

பெருமையாக இருந்தது.

நவம்பர் 11

ரெக்கார்டு ரூமில் முதல் நாள். தூசி. இருமிக்கொண்டே இருந்தேன்.

வகுப்பில் ஓர் உதாரணம் சொல்வேன். ஒரு தாய்க்கு நாலு பிள்ளைகள்: காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு. முதல் மூன்று பிள்ளைகளுக்கும் கருவி வாங்கிக் கொடுத்தாயிற்று. நாலாவது பிள்ளைக்கு எங்கள் வார்டுகளில் இன்றைக்கும் பெரும்பாலும் நம் கண்தான் கருவி. அதுவும் அது சாதாரணப் பிள்ளை இல்லை. நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தால் நடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் நாடி பிடிக்கிற மாதிரியே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நோயாளிக்குத் தெரியாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். கையை விட்டுவிட்டால் காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டிலே கெட்டுப்போகிற பிள்ளை முதலில் எதுவென்றால், அந்த நாலாவதுதான். காய்ச்சல் வருவதற்கு முன்னால், அழுத்தம் இறங்குவதற்கு முன்னால், மூச்சு வேகம் கூடிவிடும். இதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

நவம்பர் 14

தலையணை இரண்டு வைத்துக்கொண்டால் தூக்கம் நன்றாக வருகிறது. கழுத்துக்கும் நல்லது.

நவம்பர் 20

இருநூற்றுப் பன்னிரண்டு சார்ட் பார்த்து முடித்தேன். ஒவ்வொன்றிலும் முதல் நாள் எழுதிய முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டேன். நூற்று எண்பத்தேழில் மூச்சு நிமிடத்துக்கு இருபது, நலமாக இருப்பவருக்கு இருக்கிற அளவு. மிச்சமுள்ளவற்றில் பதினெட்டு, இருபத்திரண்டு.

நிமோனியாவுக்கு இருபது. ஆஸ்துமாவுக்கு இருபது. கால் எலும்பு முறிந்த பையனுக்கு இருபது. அவன் பக்கத்துக் கட்டிலில் இதயம் பலவீனமான கிழவருக்கும் இருபது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற நூறு பேரில் தொண்ணூறு பேர் ஒரே அளவுச் செருப்புப் போட்டிருந்தால் எப்படி இருக்கும்? சிரிப்பு வரும். நான் ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.

வீட்டுக்கு வந்து பால் காய்ச்சினேன். பொங்கிப் போயிற்று. அடுப்பைத் துடைத்துவிட்டு நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 24

இன்று முழுதாகப் படித்த ஒரு சார்ட்டை மறக்க முடியவில்லை. ஆண், நாற்பத்தொரு வயது. தீப்பெட்டி ஆலையில் வேலை என்று போட்டிருந்தது. பெயரை ஆய்வில் எழுதக் கூடாது, இங்கேயும் எழுதவில்லை. இரண்டு நாள் உள்ளே இருந்திருக்கிறார். நாடி 96, 104, 118, 130 என்று படி ஏறுகிற மாதிரி ஏறுகிறது. பக்கத்துக் கட்டத்தில் மூச்சு 20, 20, 20, 20. அழகான கையெழுத்து. பன்னிரண்டு இருபதுகள். பன்னிரண்டாவது இருபதுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. அதோடு முடிந்தது.

எண்ணியிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. யாராலும் சொல்ல முடியாது. ஆனால் யாராவது ஒருவர் ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால், டாக்டரை எழுப்புவதற்கு ஒரு எண் கிடைத்திருக்கும்.

ஒவ்வொரு இருபதிலும் இரண்டின் வாலை மேலே சுழித்து எழுதியிருக்கிறது. எங்கள் பள்ளியில் நான் கற்றுக்கொடுத்த எழுத்து அது.

டிசம்பர் 1

இன்று முதல் வார்டில் நானே எண்ணுகிறேன். நோயாளிகளிடம் சம்மதம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எந்த நிமிடத்தில் எண்ணுவேன் என்று மட்டும் சொல்லாமல்.

ஆறாவது கட்டிலில் கயத்தாற்றுக்காரி ஒருத்தி, சுடலைவடிவு. சார்ட்டில் இருபது. நான் எண்ணினேன். இருபத்தாறு. பக்கத்தில் இருந்த நர்சிடம் சொன்னேன். அவள் டாக்டரைக் கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கும்போது சுடலைவடிவு என் புடவையைப் பிடித்தாள்.

"யம்மா, செத்த உக்காருங்க. எனக்கென்ன, படுத்துதான கெடக்கேன். உங்களுக்குத்தான் மூச்சு இளைக்கு."

வார்டில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாடி ஏறி வந்த களைப்பு என்றேன்.

அந்த வார்டு தரைத்தளத்தில் இருக்கிறது.

டிசம்பர் 6

செருப்பு இறுக்குகிறது. புதிது வாங்கினேன், ஓர் அளவு பெரிதாக. மழைக்காலத்தில் தோல் சுருங்கும்.

கீழ்வீட்டுச் சீனியம்மாள் அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "டீச்சர், போன மாசம் ஒரு தடவை நின்னே. இப்ப மூணு தடவை நிக்கே. டாக்டர் படிப்பு படிச்சா படி ஏறத் தெரியாதோ?"

"பை கனம், அக்கா."

"பையில ஒத்தச் செருப்பு டப்பாதான இருக்கு."

டிசம்பர் 10

ஹெலன் வகுப்பு. முடிவுகளைக் காட்டினேன். அவர் அட்டவணையை இரண்டு முறை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். பிறகு, "செவிலியர்கள் சோம்பேறிகள் என்று எழுதிவிடுவது சுலபம். ஒரு ஊர் முழுக்க ஒரே எண்ணை எழுதினால் அதை யாரோ கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது? அதுதான் உங்கள் நாலாவது அத்தியாயம்" என்றார்.

சரி என்றேன்.

"ரத்னா, நீங்கள் பேசும்போது வாக்கியத்தின் நடுவில் நின்று நின்று பேசுகிறீர்கள். நலம்தானே?"

"நெட் சரியில்லை" என்றேன்.

டிசம்பர் 13

மூன்று தலையணை. போர்வையைச் சுருட்டி நாலாவதாக வைத்துப் பார்த்தேன். இதற்கு நாற்காலியே மேல். முதுகும் நேராக இருக்கிறது.

சீனியம்மாள் அக்கா சொன்னதற்காக, காலையில் கைக்கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நொடிமுள் பன்னிரண்டுக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. போயிற்று. மறுபடியும் வந்தது. அடுப்பில் பருப்பு இருந்தது, எழுந்துவிட்டேன். தன் மூச்சைத் தானே எண்ணினால் சரியாக வராது என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பார்க்கிறோம் என்று அதற்குத் தெரிந்துவிடும்.

வீட்டில் இன்னொருவர் இருந்தால் எண்ணச் சொல்லலாம். நான் தனி ஆள்.

டிசம்பர் 18

செண்பகம் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள். நான் கொடுத்த அட்டவணை மேசையில் இருந்தது.

"மிஸ், இதை அப்படியே எழுதப் போறீங்களா?"

"எண்ணினதை எழுதணும்ல."

"ஒரு ஸ்டாஃபுக்கு இருபத்தெட்டு கட்டில். ஒரு கட்டிலுக்கு ஒரு நிமிசம்னு வச்சாலும் மூச்சுக்கு மட்டும் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் ஊசி யார் போடுவா? டிரிப்பு யார் மாத்துவா?"

"அதையும் எழுதுதேன்."

"எழுதுங்க. மேல உக்காந்திருக்கவங்க உங்க புத்தகத்துல எந்தப் பக்கத்தைப் படிப்பாங்கன்னு நெனைக்கீங்க? ஊரு பேரு இல்லாட்டியும் எந்த ஆஸ்பத்திரின்னு அவங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் வேலை போயிரும். அதுல மூணு பேரு நீங்க பாடம் எடுத்த பிள்ளைகள்."

தண்ணீர் குடித்தேன். அவள் அட்டவணையைத் திருப்பி வைத்தாள்.

"இந்தப் பழக்கம் எங்கருந்து வந்துச்சுன்னு ஒரு அத்தியாயம் இருக்குன்னீங்களே. எழுதிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"நான் சொல்லட்டுமா?" குரல் தணிந்துவிட்டது, சண்டை போடுகிற குரலே இல்லை. "கடைசி பெஞ்சுல இருந்து எந்திரிச்சு ஒருத்தி கேட்டா. எண்ண நேரம் இல்லைன்னா என்ன எழுதணும்னு. ஞாபகம் இருக்கா?"

"கேட்டது ஞாபகம் இருக்கு. யாருன்னு..."

"நான்தான் மிஸ்."

டிசம்பர் 19

பதில் நினைவில்லை என்று முதல் நாள் எழுதியது பொய்.

"இருபதுன்னு போட்டுட்டு, அப்புறமாப் போய் எண்ணித் திருத்திக்கோ. கட்டம் மட்டும் காலியா இருக்கக் கூடாது." இதுதான் சொன்னேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அதற்கு முந்தைய வாரம்தான் சார்ட்டில் ஒரு கட்டம் காலியாக விட்ட ஒருத்தியை, பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் முடியும்வரை வராந்தாவில் நிறுத்தி வைத்திருந்தேன். தவறாக எழுதினதற்காக நான் யாரையும் நிறுத்தியதில்லை. தவறு கண்ணுக்குத் தெரியாது. காலிக் கட்டம் தூரத்திலிருந்தே தெரியும்.

'அப்புறமா' என்று நான் சொன்ன நேரம் எந்த வார்டிலும் வரவே இல்லை. முப்பத்தொரு வருடம், வருடத்துக்கு நாற்பது பேர். அவர்கள் தங்களுக்குக் கீழே வந்தவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சிவப்புக் கோட்டோடு முடிந்த அந்த மனிதருக்கு இருபது எழுதியவள், நான் வகுப்பை விட்ட பிறகு படித்தவளாகக்கூட இருக்கலாம்.

பயமாக இருக்கிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன். இல்லை.

டிசம்பர் 22

நாலாவது அத்தியாயம் எழுத உட்கார்ந்தேன். "இப்பழக்கம் பயிற்சிக் காலத்திலேயே உருவாகியிருக்கலாம்" என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். திருடன் தன் பெயரைச் சொல்லாமல், "ஊரில் திருட்டு நடந்திருக்கலாம்" என்று புகார் கொடுத்த மாதிரி இருந்தது. அழித்துவிட்டேன்.

நேற்று விடியும்வரை ஜன்னலைத் திறந்துவைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மார்கழிக் காற்று. வெளியே இருக்கிற காற்று முழுவதும் வேறு யாருக்கோ உரியது போல இருந்தது.

டிசம்பர் 24

கிறிஸ்துமஸுக்கு மாதா கோயிலுக்குப் போகப் போவதில்லை. படி இறங்கினால் ஏற வேண்டும்.

டிசம்பர் 28, மருத்துவமனை

முந்தாநாள் நடந்ததை இன்றுதான் எழுதுகிறேன். பேனாவைப் பிடிக்க இன்றுதான் விட்டார்கள்.

சீனியம்மாள் அக்கா செண்பகத்துக்குப் போன் செய்திருக்கிறார்கள். "உங்க டீச்சர் நாலு நாளாக் கீழ இறங்கல. கிறிஸ்மஸுக்கும் போகல. மேல நாற்காலி சத்தம் மட்டும்தான் கேக்கு" என்று.

அவள் வந்து தட்டியதும் நான் கதவைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். செண்பகம் சண்டையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஒரு பொட்டலம் கடலைமிட்டாயை மேசையில் வைத்தாள். என் பக்கத்தில் மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாடி பாக்கேன் மிஸ்."

"பாரு."

நாடி பார்க்க அரை நிமிடம் போதும். அரை நிமிடம் கழிந்தும் அவள் கையை விடவில்லை. கண் கடிகாரத்தில் இருந்தது. பிறகு மெல்ல நகர்ந்து என் தோள்மடிப்பில் நின்றது. மடிப்பு ஏறி இறங்குவதை அவள் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். இதை அவளுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். கையை விட்டுவிட்டால் காட்டிக்கொடுத்துவிடும். அவள் விடவே இல்லை. நான் மூச்சை நிதானப்படுத்திப் பார்த்தேன். நடிக்கக்கூட அதற்குத் தெம்பில்லை.

ஒரு முழு நிமிடம். கோவில்பட்டியில் அவ்வளவு நீளமான நிமிடத்தை நான் பார்த்ததில்லை.

"எவ்வளவு?"

அவள் பையில் பேனாவைத் தேடினாள்.

"செண்பகம், இருபதுன்னு போட்டுக்கோ. நாளைக்கு நானே வந்து காட்டுதேன்."

இதை நான்தான் சொன்னேன். எழுதாமல் விட்டுவிடலாம் என்று ரொம்ப நேரம் யோசித்தேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் ஆட்கள் அவசரத்தில் செய்கிறபடி இடது உள்ளங்கையில் எழுதினாள். எழுதிவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினாள். முப்பத்தாறு. வாலில்லாத, நேரான எண்.

"பொய் எழுத எனக்கு இன்னைக்கு நேரம் இல்ல மிஸ். எந்திரிங்க."

பிறகு குனிந்து என் கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது, திரும்பி வரவில்லை. இரண்டு பேரும் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். வார்டு ஊழியர்கள் இரண்டு பேர் வந்து நாற்காலியோடு என்னைப் பதினெட்டுப் படியும் இறக்கினார்கள். கீழே சீனியம்மாள் அக்கா, "ஏறத்தான் தெரியாதுன்னு நெனச்சேன், இறங்கவும் தெரியலையே" என்று சொல்லிக்கொண்டே ஆம்புலன்சில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. வால்வு ஒன்று சரியாக மூடவில்லையாம். இரண்டு தலையணை, மூன்று தலையணை, செருப்பு, இருமல், நாற்காலி. இந்த நோட்டில் எல்லாவற்றையும் நானே தேதி போட்டு எழுதியிருக்கிறேன். பரீட்சையில் ஒரு மாணவி இப்படி எல்லா அறிகுறியையும் எழுதிவிட்டு, நோயின் பெயரை மட்டும் விட்டிருந்தால் என்ன மார்க் போட்டிருப்பேன்? கையெழுத்து அழகுக்கு ஒன்று.

டிசம்பர் 31

கட்டில் அருகில் என் சார்ட் தொங்குகிறது. 36. 34. 33. 30. 28. ஒவ்வொரு எண்ணும் வேறு வேறு. எந்த நர்ஸ் வந்தாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்கிறாள். மேட்ரனின் டீச்சர் என்பதால் இருக்கலாம். எதிர்க்கட்டில் அம்மாவுக்கும் நிற்கிறார்களா என்று பார்த்தேன். இரண்டு முறை நின்றார்கள். ஒரு முறை நிற்கவில்லை.

ஜனவரி 4

காலையில் சார்ட்டைப் பார்த்தேன். விடியற்கால வரிசையில் காய்ச்சல், நாடி, அழுத்தம் மூன்றும் இருந்தன. மூச்சுக் கட்டம் காலி. பக்கத்தில் சின்னதாக, "எண்ணவில்லை. 14ஆம் கட்டிலில் அவசரம்" என்று ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே நாற்பது நிமிடம் கழித்து, 24.

அந்தக் காலிக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் இதற்காகத்தான் பிள்ளைகளை வராந்தாவில் நிறுத்தினேன்.

செண்பகம் வந்தபோது கேட்டேன்.

"நான்தான் சொன்னேன்" என்றாள். "எண்ணலைன்னா காலியா விடுங்க, ஏன்னு எழுதுங்க, யாரையும் ஏச மாட்டேன்னு. ஒரே வாரத்துல அறுபது காலி மிஸ். அறுபதையும் தூக்கிட்டு மேல போகப் போறேன், ஆள் பத்தலைன்னு காட்ட. என்ன சொல்லுவாங்களோ தெரியாது. எனக்குப் பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்தான்" என்றேன்.

"நீங்க வால்வைப் பாருங்க. பயத்தை நான் பாத்துக்கிடுதேன்."

அடுத்த மாதம் மதுரையில் அறுவை சிகிச்சை. பிழைத்து வருவேன் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. நானும் யாருக்கும் அப்படிச் சொன்னவள் இல்லை. அதற்குள் நாலாவது அத்தியாயத்தை முடித்துவிட வேண்டும். முதல் பத்தியைச் செல்போனில் தட்டி ஹெலனுக்கு அனுப்பிவிட்டேன். வகுப்பில் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், வருடம், என் முழுப் பெயர். கேட்டவள் பெயரைப் போடவில்லை. அவள் ஒரு தவறும் செய்யவில்லை; தெரியாததைக் கேட்டாள். ஹெலன் ஒரு வரி பதில் எழுதியிருந்தார்: "மீதியையும் இதே பெயரில் எழுதுங்கள்."

இந்த நோட்டை, மற்றவர்கள் பெயரையும் ஊரையும் மாற்றி, ஆய்வோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். யார் படிப்பார்கள் என்று தெரியாது. நீங்கள் நர்ஸாக இருக்க வேண்டியதில்லை. இன்றைக்கு உங்கள் வீட்டில் ஒருவருடைய கையை, சும்மா பிடித்துக்கொள்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, அவருடைய மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்.